வெளிநாட்டுக் காரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் பல காலம் வேலை பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பும் குடும்பங்களில், சாமான் கட்டும் வாரத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "நல்ல கார், நல்லாப் பார்த்துக்கிட்டோம், இங்கே வித்தா கால் காசு தேறாது, கப்பல்ல ஏத்திட்டா என்ன?" ஏற்றலாம்தான். அதற்கு முன் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள். இங்கிருந்து சென்னைக்கோ மலேசியாவின் ஜோகூருக்கோ காரை எடுத்துப்போக நினைப்பவர்களும் கேட்பதால், அவர்களுக்கும் சில பதில்கள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

மெல்பர்னில் வாங்கி ஓட்டிய காரைச் சிங்கப்பூரில் பதிவுசெய்ய முடியுமா?

முடியும். கார் விற்பனையாளராக இருக்கத் தேவையில்லை, தனியாளும் இறக்குமதி செய்யலாம். ஆனால் மூன்று விஷயங்களில் சமரசமே கிடையாது. கார் வெளிநாட்டில் முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து மூன்று ஆண்டு நிறைந்திருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். புகை வெளியீடு இங்கே நடப்பில் உள்ள தரத்துக்கு, அதாவது யூரோ 6 அளவுக்கோ அதற்கு இணையாக நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் ஜப்பானியத் தரத்துக்கோ ஒத்திருக்க வேண்டும்.

அமெரிக்கா, கனடா, துபாய், ஜெர்மனியிலிருந்து வருபவர்கள் இரண்டாவது நிபந்தனையிலேயே நின்றுவிடுவார்கள். அங்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஹாங்காங்கிலிருந்து வருபவர்கள் மேலே படிக்கலாம்.

மூன்று வயது என்பதை எந்தத் தேதி வரை எண்ணுகிறார்கள்? கப்பல் வந்து சேரும் நாள் வரையா?

இல்லை. சிங்கப்பூரில் காரைப் பதிவுசெய்யும் நாள் வரை. அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் கார் இரண்டு வருடம் எட்டு மாதம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். கையில் நான்கு மாதம் இருப்பதாகத் தோன்றும். சாமான் கம்பெனியிடம் ஒப்படைத்து, துறைமுகத்தில் காத்திருந்து, கப்பல் பாசிர் பாஞ்சாங் வந்து இறங்க ஒரு மாதத்துக்கு மேல் எளிதாகப் போய்விடும். பிறகு சுங்கத்துறை மதிப்பீடு, அதன்பின் வாகனச் சோதனை. சோதனையில் எதையாவது மாற்றச் சொன்னால் மறுபடி ஒரு முறை போகவேண்டும். இதற்கிடையே காரைப் பதிவுசெய்யத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழுக்கு, நாம் எல்லோரும் சொல்கிற சிஓஇக்கு, ஏலம் கேட்டு அது கிடைக்கவும் வேண்டும். ஏலம் மாதத்துக்கு இரண்டே முறை. இரண்டு ஏலத்தில் கைநழுவினால் ஒரு மாதம் போச்சு.

மூன்று வயது தாண்டிய காரைப் பதிவுசெய்ய முடியாது. வந்து இறங்கிய காரைக் கிடங்கு வாடகை கட்டி வைத்திருந்து, மறுபடி வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டியதுதான். என் கருத்து: கிளம்பும் நாளில் காருக்கு இரண்டே கால் வயது தாண்டியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? கப்பல் கூலி மட்டும்தானே?

கப்பல் கூலி இந்தக் கணக்கில் கடைசியில் வருவது. முதலில் நான்கு பெரிய தொகைகளைப் பாருங்கள்.

சுங்கத்துறை காருக்கு ஒரு திறந்த சந்தை மதிப்புப் போடும். ஓஎம்வி என்பது இதுதான். காரின் விலை, சிங்கப்பூர் வரை வந்த கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் அதில் சேரும். அந்த மதிப்பில் 20 விழுக்காடு கலால் வரி. மதிப்பும் கலால் வரியும் சேர்ந்த தொகையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம், அதாவது ஏஆர்எஃப். இது படிப்படியாக ஏறும்: மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, அடுத்த 20,000க்கு 250, 80,000க்கு மேல் உள்ளதற்கு 320. வெளிநாட்டில் ஓடிய பழைய கார் என்பதற்காகவே தனியாக 10,000 வெள்ளி மேல்கட்டணம். பதிவுக் கட்டணம் 350 வெள்ளி.

இப்போது ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மதிப்பு 30,000 வெள்ளி.

கலால் வரி 6,000
பொருள் சேவை வரி 3,240
கூடுதல் பதிவுக் கட்டணம் 34,000
பழைய கார் மேல்கட்டணம் 10,000
பதிவுக் கட்டணம் 350

ஆக 53,590 வெள்ளி. இதில் சிஓஇ இன்னும் சேரவில்லை. அண்மை ஆண்டுகளில் கார்களுக்கான சிஓஇ 100,000 வெள்ளியைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்டது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவில் 150,001 வெள்ளி வரை போனது. சரி, 100,000 என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 153,590. காரை வாங்கிய பணம் இதில் இல்லை, அதை நீங்கள் எப்போதோ கொடுத்துவிட்டீர்கள்.

இனி கப்பல் கூலிக்கு வருவோம். மதிப்பு 20,000க்கும் 40,000க்கும் இடையில் இருக்கும் காருக்குக் கப்பல் கூலியில் 1,000 வெள்ளி கூடினால், அது மதிப்பிலும் சேர்ந்து, வரியிலும் கட்டணத்திலும் இன்னும் 1,708 வெள்ளியைக் கூட்டும். கூலிக்கும் வரி, அந்த வரிக்கும் வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

விலை உயர்ந்த காருக்கு அடி இன்னும் பலமாக விழும். மதிப்பு 60,000 ஆனால் ஏஆர்எஃப் மட்டும் 86,000. மதிப்பு இரண்டு மடங்கு, கட்டணம் இரண்டரை மடங்கு. இதற்கு மேல் காரின் புகை அளவைப் பொறுத்து மாசுக் கட்டணமும் உண்டு. பழைய இறக்குமதிக் கார்களுக்கும் அது பொருந்தும். மாசு அதிகமான பிரிவில் விழுந்தால் பல்லாயிரம் வெள்ளி.

வீடு மாறி வருபவர்களுக்கு வரிவிலக்கு இருப்பதாகச் சொன்னார்களே?

இருக்கிறது, ஆனால் காருக்கு இல்லை. குறைந்தது மூன்று மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களையும் சொந்த உடைமைகளையும், இங்கே வந்து ஆறு மாதத்துக்குள் கொண்டுவந்தால் பொருள் சேவை வரி விலக்குக் கேட்கலாம். சோபா, குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர் எல்லாம் அதில் அடங்கும். மோட்டார் வாகனம், மது, புகையிலை அதில் அடங்காது. சாமான் கம்பெனி "எல்லாம் ஒரே கண்டெய்னர், எல்லாம் ஒரே விலக்கு" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

சிஓஇயை நானே ஏலம் கேட்கலாமா?

கேட்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளம் வழியாகவோ வங்கி வழியாகவோ. ஏலத்துக்கு 10,000 வெள்ளி முன்பணம் கணக்கில் இருக்க வேண்டும். வழக்கமாகத் திங்கள் நண்பகலில் திறந்து புதன் மாலை 4 மணிக்கு மூடும். கடைசி அரை மணி நேரத்தில் விலை துள்ளும். உச்சத் தொகையை முன்பே முடிவுசெய்துகொண்டு உட்காருங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிற வேகம் வந்துவிடும்.

எந்தப் பிரிவு என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அளவு 1,600 சிசிக்குள்ளும் சக்தி 97 கிலோவாட்டுக்குள்ளும் இருந்தால் ‘ஏ’. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் ‘பி’. எஞ்சின் சிறிதாக இருந்தும் டர்போவால் 97 கிலோவாட்டைத் தாண்டும் கார்கள் இப்போது ஏராளம். சிசியை மட்டும் பார்த்துவிட்டு ‘ஏ’ என்று எண்ணிவிடாதீர்கள்.

தனியார் பெயரில் எடுக்கும் ‘ஏ’, ‘பி’ பிரிவுச் சான்றிதழை வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. கிடைத்த ஆறு மாதத்துக்குள் காரைப் பதிவுசெய்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் தவிர எந்த வாகனத்துக்கும் பயன்படும் ‘இ’ பிரிவுக்கு மூன்று மாதம்தான்.

சரி, எதை முதலில் செய்வது?

காரின் தாள்களை. வெளிநாட்டுப் பதிவுச் சான்றிதழில் முதல் பதிவு நாள் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய ரசீதை எடுத்து வையுங்கள். புகைத் தரம் என்னவென்று காட்டும் உற்பத்தியாளரின் ஆவணத்தை அந்த நாட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். இங்கே வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் எப்போது பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆவணம் கைக்கு வராமல் காரைத் துறைமுகத்துக்கு அனுப்பாதீர்கள்.

கடன் பாக்கி இருந்தால் அடைத்து, வங்கியிடம் கடிதம் வாங்கவேண்டும். அந்நாட்டுப் பதிவை ஏற்றுமதிக்காக நீக்கவேண்டும். பிரிட்டனில் இருந்து வருபவர்கள் வாகனப் பதிவு அமைப்புக்கு நிரந்தர ஏற்றுமதி என்று தெரிவித்துவிட்டால் மீதமுள்ள சாலை வரியும் திரும்பக் கிடைக்கும்.

இந்தப் பக்கம், சுங்க அனுமதியை ஒரு சரக்கு முகவர் வழியாக எடுப்பதே எளிது. அவர் தரும் விலைப்பட்டியலைக் கவனியுங்கள். "துறைமுகத்திலிருந்து துறைமுகம்" என்று இருந்தால், இங்கே இறக்கும் கூலி, கிடங்கு, இழுவை வண்டி எல்லாம் அதற்குமேல். பதிவாகாத காரைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது என்பதால் சோதனை நிலையத்துக்கு இழுவை வண்டியில்தான் போகும். புதிய சாலைக் கட்டண முறைக்கான சாதனமும் காரில் பொருத்தவேண்டும்.

சோதனையில் எதற்காகத் திருப்பி அனுப்புவார்கள்?

கண்ணாடி. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கார்களில் இது சாதாரணம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் முன்பக்கக் கதவுக் கண்ணாடி 35 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட்டால் போதும். இங்கே முன் கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு விடவேண்டும். பின்னால் உள்ளவை 25. அங்கே சட்டப்படி ஒட்டிய கருப்புத் தாள் இங்கே சட்டவிரோதம். வெயிலுக்கு நல்லதாக ஒட்டியதுதான், ஆனால் கப்பலேற்றும் முன் அங்கேயே உரித்துவிடுங்கள்.

இன்னொன்று, டிக்கியில் சாமான் அடைத்து அனுப்பாதீர்கள். கார் தனி, சாமான் தனி. பிள்ளைகளின் இருக்கைக்கு அடியில் கிடக்கும் சூயிங்கம் பொட்டலம் உட்பட எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். அதைக் கொண்டுவர இங்கே தடை என்பது ஊருக்கே தெரியும், ஆனால் காரில் கிடப்பது யாருக்கும் ஞாபகம் வராது.

மின்சாரக் காராக இருந்தால்?

அதே மூன்று வயது, அதே மேல்கட்டணம். 110 கிலோவாட் வரை ‘ஏ’ பிரிவு. மின்னூட்டும் செருகியைப் பாருங்கள்: இங்குள்ள பொது நிலையங்களில் டைப் 2, சிசிஎஸ் 2. பிரிட்டன், ஆஸ்திரேலியக் கார்கள் பெரும்பாலும் பொருந்தும். ஜப்பானிலிருந்து வரும் பல கார்களில் செருகி வேறு.

அப்பா இங்கிலாந்தில் வைத்திருந்த பழைய மோரிஸ் மைனர். அதற்குமா மூன்று வயது விதி?

இல்லை. 35 வயது தாண்டிய கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு. ஆனால் அன்றாடம் வேலைக்கு ஓட்டிப் போக முடியாது. ஆண்டுக்கு 45 நாள்தான். ஞாயிறு காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஒரு சுற்று, தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவுக்கு ஒரு சுற்று என்று வைத்திருப்பவர்களுக்கு அது போதும். மூன்று வயது நிறைந்து, முப்பத்தைந்து வயது ஆகாத கார்களுக்குத்தான் எந்த வழியும் இல்லை.

ஜோகூர் பாருவில் மாமா மகனின் மலேசியக் கார் இருக்கிறது. நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. அதை இங்கே ஓட்டலாமா?

கூடாது. இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது, பதிலும் மாறுவதில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான காரைச் சிங்கப்பூரில் வைத்திருக்கவோ ஓட்டவோ முடியாது. நீண்டகால அனுமதியில் வந்து இங்கேயே குடியிருப்பவர்களுக்கும் அப்படித்தான். "ஒரு நாள்தானே", "மாமா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே" எதுவும் எடுபடாது. மாமா மகனே ஓட்டி வந்து, மாலையில் அவரே ஓட்டிப் போனால் பிரச்சினை இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் வாரக்கணக்கில் மலேசிய எண்ணுள்ள கார் நின்றால் அதிகாரிகள் கண்ணில் படத்தான் செய்யும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கோபப்படுபவர்கள் உண்டு. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். இங்கே ஒரு கார் வைக்க ஒருவர் 100,000க்கு மேல் சிஓஇ கொடுக்கும்போது, கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் ஓட்டலாம் என்றால் 1990இல் கொண்டுவந்த சிஓஇ ஒதுக்கீட்டு முறையே அர்த்தமில்லாமல் போகும்.

ஜோகூரில் குடியிருந்து தினமும் வேலைக்கு வரும் மலேசியர்களுக்கு அனுமதி உண்டு. வாகன நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 35 வெள்ளி. ஆண்டுக்குப் பத்து நாள் இலவசம். வாரயிறுதி, பொது விடுமுறை நாள்களுக்குக் கட்டணம் இல்லை. வாரநாள்களில் மாலை 5 மணி முதல் அதிகாலை 2 மணி வரையிலும் இல்லை. இதோடு ஒவ்வொரு முறை நுழையும்போதும் 6.40 வெள்ளி சாலைக் கட்டணம் தனி. கணக்குப் பார்த்துத்தான் பலர் காரை ஜோகூர் பாருவில் நிறுத்திவிட்டுப் பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ வருகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நாளுக்கு 4 வெள்ளிதான்.

நாங்கள் சென்னைக்கே திரும்புகிறோம். சிங்கப்பூர்க் காரை எடுத்துப்போகலாமா?

ஸ்டியரிங் சரியான பக்கத்தில் இருக்கிறது, அது ஒன்றுதான் சாதகம். இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்கு வயது தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். பழைய காரை மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறக்க முடியும். சென்னையில் துறைமுகம் இருந்தும் உங்கள் கார் மும்பையில் இறங்கி, சாலை வழியாகத் தமிழ்நாடு வரவேண்டும். வீடு மாறி வருபவர்களுக்கான பயணப்பொருள் சலுகையில் கார் சேராது. வரிகள் எல்லாம் கூட்டினால் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு மதிப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெரிய கார்களுக்கு அதற்கும் மேல். அந்தப் பணத்தில் அங்கே புதுக் காரே வாங்கலாம், கிண்டியில் சர்வீஸுக்கும் விடலாம்.

ஆகவே இங்கேயே முடித்துவிடுங்கள். பதிவை நீக்கினால் சிஓஇயில் மீதமுள்ள காலத்துக்கு உரிய பணம் திரும்பக் கிடைக்கும். கட்டிய ஏஆர்எஃபில் ஒரு பங்கும், பத்து வயதுக்குள் உள்ள காருக்கு, திரும்பக் கிடைக்கும். விகிதமும் உச்சவரம்பும் கார் எப்போது பதிவானது என்பதைப் பொறுத்தது. கார்க் கடன் இருந்தால் முதலில் அது அடைபடும். பதிவு நீக்கிய ஒரு மாதத்துக்குள் காரை உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். ஏற்றுமதி வணிகர்களிடம் விலை கேட்கும்போது, அரசு தரும் பணம் உங்களுக்கா அவர்களுக்கா என்பதை முதல் வாக்கியமாகவே கேட்டுவிடுங்கள். இரண்டு கடை விலைக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

நான் மலேசியர், ஈப்போவுக்குத் திரும்புகிறேன்.

சிங்கப்பூர்க் காரை மலேசிய நுழைவுக்குப் பதிந்துகொண்டு ஓட்டிப் போவது வேறு, அங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்வது வேறு. அந்த நுழைவுப் பதிவுக்கான ஆர்எஃப்ஐடி என்ற மின்னணு வில்லையை ஒட்டிக்கொள்வது தற்காலிக வருகைக்கு மட்டுமே. 2025 ஜூலை முதல் அந்த வில்லை ஒட்டாமல் உள்ளே போனால் 300 ரிங்கிட் அபராதம். நிரந்தரமாகக் கொண்டுபோக ஏபி என்ற இறக்குமதி அனுமதியை மலேசிய முதலீடு, வாணிப, தொழில் அமைச்சிடம் வாங்கி, அங்குள்ள வரிகளையும் கட்டவேண்டும். அனுமதி கையில் வரும்வரை இங்கே பதிவை நீக்காதீர்கள். எந்த நோக்கத்தில் போனாலும், சிங்கப்பூர் எண்ணோடு கடக்கும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும்; இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம்.

கார் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டோம். வெளிநாட்டிலிருந்து காருக்காக வேறு என்ன கொண்டுவரலாம்?

இரண்டு தாள்கள். ஒன்று, காப்புறுதி நிறுவனத்திடம் இத்தனை ஆண்டு இழப்பீடு எதுவும் கேட்டதில்லை என்ற கடிதம். இங்கே தனியார் கார்களுக்கு அந்தத் தள்ளுபடி 50 விழுக்காடு வரை போகும். வெளிநாட்டுக் கடிதத்தை எல்லா நிறுவனமும் ஏற்காது, ஏற்பவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

இன்னொன்று, ஓட்டுநர் உரிமம் அங்கே எடுத்தவர்களுக்கு. சிங்கப்பூர் உரிமமாக மாற்ற அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதவேண்டும்: 50 கேள்வி, 45 சரியாக இருக்கவேண்டும். பதினைந்து வருடம் ஓட்டியவர்களும் படிக்காமல் போய்த் தவறவிடுகிறார்கள், காரணம் இந்த ஊர்ச் சாலைக் கோடுகளும் நிறுத்துமிட விதிகளும். குடிமக்கள், உரிமம் எடுத்த நாட்டில் குறைந்தது ஆறு மாதம் வசித்ததற்கு ஆதாரமும் காட்டவேண்டும். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகக் கடிதம் போன்றவற்றைக் கண்டெய்னரில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.